நாற்பத்தேழு நாள்

மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கிக்கொண்டே ஆவுடைத்தாய் தீர்ப்பை வரி பிசகாமல் சொல்லுவாள்: ஓராண்டு சிறை, ஐந்தாயிரம் அபராதம், கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம். கை மட்டும் நிற்காது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேகத்துக்கு அவளோடு போட்டி போட இரண்டொருவர் உண்டு. வாய்க்கு ஆளே கிடையாது.

புருஷன் மாயகிருஷ்ணன், சந்தையில் நின்ற டி.வி.எஸ். ஐம்பதைத் தள்ளிக்கொண்டு போனவன். அதை அவள் மறைப்பதில்லை. "களவாண்டது நெசம். வண்டி ஒடையவன் கைக்குத் திரும்பிட்டுல்லா? பொறவு எதுக்கு இம்புட்டு அபராதம்? மொதல்ல உள்ள கெடந்த நாளையும் ஏன் கழிக்கல?"

கழிக்காததற்குக் காரணம் இவள் வாய்தான். முதலில் பிடிபட்டு அவன் நாற்பத்தேழு நாள் பாளையங்கோட்டை ஜெயிலில் கிடந்தபோது, அவன் தங்கை மாரிசெல்வியைப் பெண் கேட்டு வந்தார்கள். "அவிய போர்க்கெணறு போடுத வண்டியில ஆந்திராவுக்குப் போயிருக்காவ" என்று கூசாமல் சொன்னாள். ஜாமீனில் வந்தவன் கல்யாணத்தை நடத்தி முடித்தான். பிறகு வாய்தாவுக்குப் போகாமல் மறுபடி பிடிபட்டு இருபத்திரண்டு நாள் இருந்தான். வழக்கே கல்யாணத்துக்குப் பிறகு வந்ததென்று மாரிசெல்வியின் மாமனார், சம்பந்தி பெருமாள்சாமி நம்பினார். தீர்ப்பு நாளில், எத்தனை நாள் உள்ளே இருந்தாய் என்று நீதிபதி கேட்டபோது, பின்னால் அவர் நிற்பதைப் பார்த்து மாயகிருஷ்ணன் இருபத்திரண்டு என்று மட்டும் சொல்லிவிட்டான். தண்டனையில் அதை மட்டுமே கழித்தார்கள்.

மேல்முறையீட்டுக்கு ஜெயிலில் சான்று வாங்கிவரச் சொன்னார் வக்கீல் ராஜமணி. "நாளைக்கு வாம்மா" என்று நாலு தடவை அனுப்பினார்கள். நாலு தடவையும் மறுநாள் முதல் பஸ்ஸில் போய் நின்றாள். கடைசியில் சான்று கைக்கு வந்தது. ஐப்பசி விதைப்புக்குப் புருஷன் கரிசலில் நிற்க வேண்டும். அந்த நாற்பத்தேழு நாள் கழிந்தால்தான் அது நடக்கும்.

"விசாரணைக்கு உங்க சம்பந்தியும் வருவாரேம்மா," என்றார் வக்கீல்.

"அதுக்கு முன்ன நானே போயிச் சொல்லிருதேன். கோர்ட்டுல வச்சுத் தெரிஞ்சா மாரிசெல்விப் பிள்ளையத்தான வைவாரு?"

அன்றைக்கு மத்தியானமே சம்பந்தி ஊரான கடம்பூரில் இறங்கினாள். பெருமாள்சாமி வாங்க வாங்க என்றார். மாரிசெல்வி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சம்பந்தி வீட்டில் முதலில் அதை வாங்கிக் குடிக்காவிட்டால் அவமரியாதை. நல்ல வெயிலில் நடந்து வந்தவளுக்கு நாக்கு வறண்டிருந்தது, பயமாகவும் இருந்தது.

"இதப் படிங்க மாமா. பொறவும் நீங்க குடின்னு சொன்னா குடிக்கேன்."

செம்பைத் தரையில் வைத்துவிட்டு, ஜெயில் சான்றை இரண்டு கையாலும் நீட்டினாள்.