விடுப்பில் எடுத்த ரத்தம்

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் வட்டாரத்தில், நசுங்கி வந்த காருக்குப் பெயின்ட் அடிப்பதில் டேரில் பாஸ்கோவை மிஞ்ச ஆளில்லை. இதை அடிக்கடி சொல்லி வந்தவர் டேரில் பாஸ்கோதான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே பட்டறை.

திங்கள் சாயங்காலம் அவருக்கு நெஞ்சு இறுகும். வெள்ளிக்கிழமை மூச்சு விசிலடிக்கும். ஞாயிறு மதியத்துக்குள் எல்லாம் தெளிந்துவிடும். இதைப் பார்த்து ஒரு பச்சைப்பிள்ளைகூட ஒரு முடிவுக்கு வந்திருக்கும். டேரில் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் ஊரெங்கும் பூக்கும் வாட்டில் மரத்தின் மகரந்தத்தைக் குற்றவாளியாக்கினார். அடுத்து நாயைச் சந்தேகித்து மச்சினி வீட்டுக்கு நாடு கடத்தினார். நாய் போயிற்று, விசில் போகவில்லை.

கடைசியில் மனைவி கிளெனிஸ் அவரை டாக்டர் மிர்சாவிடம் இழுத்துப் போனாள்.

"பெயின்ட் இறுகுறதுக்குக் கலக்குற ஹார்டனர் சில பேர் ஒடம்புக்குப் பகையாயிடும்," என்றார் டாக்டர் அம்மாள். "அதுக்கு எதிரா ரத்தத்துல ஒரு படை திரளும். அது இருக்கான்னு பாக்க டெஸ்ட் இருக்கு. வேலைக்குப் போயிட்டு இருக்கறப்பவே வந்து ரத்தம் குடுங்க."

இங்கேதான் நம் ஆள் கணக்குப் போட்டார். நீண்ட நாள் உழைத்தவர்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தோடு கூடிய பெரிய விடுப்பு அவருக்கு மூன்று மாதம் சேர்ந்திருந்தது. கேரவனைக் காரில் மாட்டிக்கொண்டு இருவரும் வடக்கே போனார்கள். விசில் சுத்தமாக நின்றது. திரும்பி வந்து, விடுப்பின் கடைசி வெள்ளியன்று ரத்தம் கொடுக்கக் கிளம்பினார். ஒரு வேலை நாளை வீணாக்குவானேன்?

"வேலைக்குப் போறப்பன்னுதானே டாக்டர் சொன்னாங்க? அடுத்த வாரம் குடேன்," என்றாள் கிளெனிஸ்.

"ரத்தம் எங்க போயிடப்போவுது? உள்ளயேதான இருக்கு."

படை இல்லை என்று முடிவு வந்தது.

டாக்டர் தலையை ஆட்டினார். "மூணு மாசம் பெயின்ட்ட விட்டுத் தள்ளி இருந்திருக்கீங்க, படை கொறஞ்சு போயிருக்கும். அதோட, இந்த டெஸ்ட் 'இருக்கு'ன்னு சொன்னா நம்பலாம். 'இல்ல'ன்னு சொன்னா அத மட்டும் வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. நெறைய பேர அது தவற விட்டுடும். வேலைக்குப் போங்க, தினம் நாலு தடவ மூச்சு அளக்குற இந்தக் குழாய்ல ஊதி, அளவ எழுதிட்டு வாங்க. ரத்தத்தையும் மறுபடி பாப்போம்."

'இல்ல' என்ற சொல்லுக்குப் பிறகு டேரிலின் காது வேலை செய்யவில்லை. குழாய் அலமாரிக்குப் போனது. ரத்தப் பரிசோதனை முடிவுத் தாள் பட்டறையின் தேநீர் அறைக்குப் போய், குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து முறைப்படி நிறுவப்பட்டது.

"எழுத்துப்பூர்வமா ஆரோக்கியமானவன் இந்தப் பட்டறையில நான் ஒருத்தன்தான்," என்றார்.

"அப்பறம் ஏன்டா ரெண்டு படி ஏறினா கெட்டில் மாதிரி கத்துற?" என்றான் தகடு தட்டுகிற வேய்ன்.

"அது வயசு. அதுக்கு டெஸ்ட் இல்ல."

முழுக் காருக்கு அடிக்கும்போது வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் குழாய் முகமூடியை மாட்டிக்கொள்வார். பக்கக் கண்ணாடியின் மூடி, பம்பரின் ஒரு மூலை என்றால் வெறும் காகித முகமூடிதான். முன்பெல்லாம் அதற்குக் கொஞ்சம் உறுத்தலாவது இருந்தது. தாள் வந்தபின் அதுவும் இல்லை. ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

ஆகஸ்ட் மாதக் குளிரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி அடித்த பம்பரோடு பெயின்ட் அறை வாசலில் சாய்ந்தார். உதடு நீலமாகியிருந்தது. வேய்ன்தான் வெளியே இழுத்துப் போட்டு ஆம்புலன்ஸை அழைத்தான்.

அந்த வாரமே எடுத்த ரத்தத்தில் படை முழு பலத்தோடு நின்றது.

"இனிமே அந்தப் பெயின்ட் பக்கமே போகக்கூடாது," என்றார் டாக்டர் மிர்சா.

டேரில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கே விட்டிருந்தா?"

"நல்லாவே தேறியிருக்க வாய்ப்பு இருந்துச்சு. இப்ப எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியல."

வீட்டுக்கு கிளெனிஸ் காரை ஓட்டினாள். அவள் சொல்லிக்காட்டப்போகிறாள் என்று டேரில் மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார். மூன்றும் நல்ல பதில்கள். ஏரியைத் தாண்டியாயிற்று, பள்ளிக்கூடத்தையும் தாண்டியாயிற்று. மூன்றுக்கும் வேலை வரவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று இருந்தது.

"அடுத்த வாரம் குடுன்னு சொன்ன," என்றார் கடைசியில். "கேட்டிருக்கணும்."

"ஜன்னல ஏத்திக்கோ," என்றாள். "குளிர்காத்து ஒனக்கு ஆகாது."