கெட்டிமேளத்துக்கு அடியில்

கைப்பேசியை அரிசி டின்னின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அம்சா குழாயைத் திறந்துவிடுகிறார். தொட்டியில் தண்ணீர் தடதடவென்று விழுகிறது. கைப்பேசியில் யார் வீட்டுக் காதுகுத்தோ நடக்கிறது. அம்சா அதைப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குக்கர் தேய்க்கிறார்.

"இந்தாங்க, தாய்மாமன் யார் யாருக்கு நன்றி சொன்னாரு?"

முன்னறையிலிருந்து கணவர் ராமராஜன் கத்துகிறார். "சம்பந்தி, மண்டபத்துக்காரரு, சமையல்காரரு!"

"எனக்கு மண்டபமும் சமையலுந்தான் விழுந்துச்சு. சம்பந்திய பாட்டு முழுங்கிடுச்சு. பாட்டக் கொறச்சி வெச்சி திரும்பக் குடுங்க. சம்பந்திய வுட்டுட்டாங்கன்னு நாளைக்கு நம்ம வாசல்லதான் வந்து நிப்பாங்க."

பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடும் இரண்டு வீடுகளுக்கு நடுவே இவர்களுடைய ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோ என்றால் வீட்டின் முன்னறை. ராமராஜன் படம் எடுப்பார், வெட்டி ஒட்டுவார். சத்தம் முழுக்க அம்சாவின் பொறுப்பு. முடித்த ஃபைல் அவர் காதைத் தாண்டாமல் வாசற்படியைத் தாண்டாது. கணினியில் கேட்டால் போதாது, பென் டிரைவில் ஏற்றிய பிறகும் கேட்க வேண்டும், வாட்ஸப்பில் தனக்கே அனுப்பிக்கொண்டு மறுபடியும் கேட்க வேண்டும். கடைசியில் இந்தக் குழாயடிச் சோதனை.

"ஹெட்போன்ல கேட்டா எல்லாம் சொர்க்கமாத்தான் இருக்குங்க்கா. ஜனங்க ஹெட்போன் மாட்டிக்கினா கல்யாண கேசட் பாக்கறாங்க? ஒருத்தரு மிக்சி போடுவாங்க, பக்கத்துல தறி ஓடும், புள்ள அழும். அதுல கேட்டாதான் கேட்டது," என்று அம்சா எனக்கு விளக்கினார்.

கேசட் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த ஊரில் இன்னும் எல்லாமே கேசட்தான்.

நான் அங்கே போனது என் அப்பாவின் சதாபிஷேக வீடியோவைத் தூக்கிக்கொண்டு. வேறு யாரோ எடுத்து முடித்துக் கொடுத்தது. மெல்பர்னில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்: தாத்தா அழகாகப் பேசினார் என்று மகள், தாத்தா வாயை மட்டும்தான் அசைத்தார் என்று மாப்பிள்ளை. நான் ஊருக்குத் திரும்பிப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபைல் கெட்டுவிட்டதோ, அப்பாவை மறுபடி உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டுமோ என்று எனக்குத் தூக்கம் போயிருந்தது.

அம்சா சிறிது நேரம்தான் கேட்டார். "ஒத்தக்காது," என்றார். "மைக்கு இடது பக்கம் மட்டும் ஏறியிருக்குது. ரெண்டு பக்கமும் பரப்ப மறந்துட்டாங்க. உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே இயர்போன ஆளுக்கொரு காதுல மாட்டிக்கினு பாத்திருப்பாங்க. ஒருத்தரு சிரிச்சிருப்பாங்க, ஒருத்தரு முழிச்சிருப்பாங்க."

போன் செய்து கேட்டேன். அப்படியேதான் நடந்திருந்தது. அதைச் சரிசெய்து வாங்கும் சாக்கில் தினமும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு கோளாறுக்கும் அவரிடம் ஒரு பெயர் உண்டு. ஜெனரேட்டர் உறுமல் மெல்லியதாகக் கூடவே வந்தால் "ஈ மொய்க்குது". நாதஸ்வரக்காரர் மைக்கை விழுங்குகிற மாதிரி வாசித்துச் சத்தம் கரகரத்துப் போயிருந்தால் "ஒடஞ்சிடுச்சு". உடைந்ததை ஒட்ட முடியாது என்பதால், கல்யாணத்துக்குப் புறப்படும்போதே ராமராஜனிடம் "கம்மியா வெச்சி எடுங்க, தூக்கிக்கலாம்" என்று சொல்லி அனுப்புவார். உதடும் பேச்சும் முன்பின்னாக இருந்தால் அதற்குப் பெயரே கிடையாது. "ச்சீ" என்பதோடு சரி.

கேட்க உட்காரும்போது வளையலைக் கழற்றுவார். ஹெட்போன் அழுத்துகிறது என்று கம்மலையும் கழற்றி, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அது ராமராஜனின் சட்டைப் பைக்குள் போகும். அவர் அதோடு பஸ் நிலையம் வரை போய் டீ குடித்துவிட்டு வருவார். ஒரு தடவை அந்தச் சட்டை சலவைக்கே போய்விட்டது.

"ஒரு நாளாவது யாராவது சவுண்டு சூப்பர்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அய்ய, எதுக்கு சொல்லணும்? படம் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. சவுண்டப் பத்திப் பேச்சே எடுக்கலன்னா அன்னிக்கி நான் கறி எடுத்து ஆக்குவேன்."

அந்த வாரம் அவர் மேசையில் இருந்தது தாமல் பக்கத்து மாப்பிள்ளை, வாலாஜாபாத் பெண். கல்யாணம் ஐயம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை குரு, பெண் அபிநயா. வீடியோ முடிந்து, பென் டிரைவும் தயார். அப்போது அபிநயாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. அம்சா எனக்கும் போட்டுக் காட்டினார்.

"அக்கா, தாலி கட்டும்போது அவரு என் காதுகிட்ட ஏதோ சொன்னாருக்கா. மேளத்துல ஒண்ணும் விழல. இப்ப கேட்டா சொல்ல மாட்றாரு, சிரிச்சிக்கினே போயிடறாரு. அவரு அங்கவஸ்திரத்துல மைக் குத்தியிருந்தீங்க இல்ல? அந்த எடத்துல மட்டும் மேளத்த எடுத்துட்டுக் குடுங்கக்கா. ப்ளீஸ்க்கா."

பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள் ஒன்றை ராமராஜன் புதிதாக வாங்கியிருந்தார். அதற்குக் கல்யாணம் தெரியாது. தவிலை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும். அம்சா கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். முதலில் களுக்கென்று சிரித்தார். பின்னால் நகர்த்தி இன்னொரு முறை கேட்டார். இந்த முறை சிரிப்பு இல்லை. ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

மேளம் சுத்தமாகப் போயிருந்தது. ஏதோ துணி உரசும் சத்தம். குருவின் குரல், மிக அருகில்: "முடி மாட்டிக்கிச்சி… ஆடாத, ஆடாத." அந்தப் பேச்சின் மேலேயே ஏறிக்கொண்டு, சற்றுத் தள்ளி ஒரு பெண் குரல்: "எனக்கு மனசே ஒப்பல வடிவு. இது எத்தினி நாளைக்கின்னு பாக்கலாம்."

திரையில் பார்த்தால் தெரிந்தது. குருவின் தோளுக்குப் பின்னால் அவன் அம்மா ரேணுகாம்பாள் தன் தங்கை வடிவின் பக்கம் சாய்ந்து நிற்கிறார். வாய் அசைகிறது. எல்லோரும் அட்சதை போடுகிறார்கள்.

அன்று காலை முழுவதும் அம்சா அந்த இரண்டு குரல்களையும் பிரித்துப் பார்த்தார். குருவை வெட்டி எடுத்தால் அம்மாவின் வார்த்தைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. அம்மாவை அமுக்கினால் குரு கிணற்றுக்குள்ளிருந்து பேசினான்.

"கேட்டதக் குடுத்துட்டுப் போவ வேண்டிதுதான? நம்மளா பேசினோம்?" என்றார் ராமராஜன்.

"மேளத்த எதுக்குக் கொட்றாங்க? யாராச்சும் தும்மினாலும், வாய் தவறி ஒண்ணு சொன்னாலும் அந்தப் பொண்ணு காதுல விழக் கூடாதுன்னுதான? அவங்க கொட்டி மூடினத நான் தொறந்து வுடணுமா?"

"அவங்க நெனச்சதுதான வந்துச்சு."

"நெனப்பு மாறும்ங்க. ஃபைலு மாறாது. வருஷா வருஷம் கல்யாண நாளுக்குப் போட்டுப் பாப்பாங்க."

ராமராஜன் என்னைப் பார்த்தார். நான் கம்மலைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மறுநாள் மத்தியானம், பென் டிரைவ் வாங்க மாமியாரும் மருமகளும் ஒரே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அபிநயாவின் ஹெல்மெட்டை ரேணுகாம்பாள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வழியில் வாங்கிய மல்லிகையை அங்கேயே இரண்டாகக் கிள்ளி, பெரிய துண்டை மருமகள் தலையில் வைத்தார். "சாயங்காலத்துக்குள்ள வாடிடும்னு சொன்னா கேக்க மாட்றா அம்சா, பேரம் பேசத் தெரியாத பொண்ணு."

"பேரம் பேசறதுக்கு நீங்க இருக்கீங்க இல்ல அத்த?"

"ஆமா, நான் ஒருத்தி கெடச்சேன் உனுக்கு."

அபிநயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அக்கா, மேளம் எடுத்துட்டீங்களா?"

"எடுத்துப் பாத்தேன்மா. நல்லா வரல." வேலையில் ஒன்று வரவில்லை என்று அவர் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. ராமராஜன் வயர் சுற்றுவதை நிறுத்தினார்.

"அப்டின்னா அந்த மைக் ஃபைல மட்டும் தனியாக் குடுங்கக்கா. எங்க சித்தப்பா பையன் சென்னைல சவுண்டு வேலைதான் செய்யறான். அவன் பிரிச்சித் தந்துடுவான்."

"போடுமா, நானும் கேக்கறேன்," என்றார் ரேணுகாம்பாள். "வூட்ல வாயத் தொறக்காத புள்ள. மணவறைல அப்டி இன்னா பேசினான்?"

அம்சா முடித்த வீடியோவையே ஓட்டினார். மேளம் அறையை நிறைத்தது. குரு குனிந்து முடிச்சுப் போடுகிறான். அபிநயா திரைக்கு அருகில் போய் விரலை வைத்தாள்.

"பாருங்க, பாருங்க, இங்கதான் சொல்றாரு. அய்ய, அத்த, நீங்களும் பின்னால சின்னத்தகிட்ட ஏதோ பேசிக்கினு இருக்கீங்க!"

ரேணுகாம்பாள் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. "சாமி கும்பிட்டுக்கினு இருந்திருப்பேன்," என்றார்.

தெருவில் ஹாரன் அடித்தார்கள். பாவு நூல் ஏற்றி வந்த குட்டியானை வேனுக்கு ஸ்கூட்டி வழியை மறித்துக்கொண்டிருந்தது. "யாரு வண்டிபா இது?" அபிநயா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ரேணுகாம்பாளின் கை ஹெல்மெட்டின் வாரை முறுக்கியது. "அதுல நானும் இருக்கிறனா அம்சா?"

"இருக்கீங்கமா."

"அவ கேட்டாளா?"

"இல்ல."

வெளியே அபிநயா வண்டிக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"அன்னிக்கி எனக்கு அவளத் தெரியாதும்மா," என்றார் ரேணுகாம்பாள். குரல் தணிந்திருந்தது. "போன வாரம் எனக்குக் காய்ச்சல். எம்புள்ள கடைக்குப் போயிட்டான். இவதான் ராத்திரி பூரா…" முடிக்கவில்லை. "அழிச்சிடு."

"அழிச்சா உங்க புள்ள சொன்னதும் போயிடும்மா. ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கினு இருக்குது."

ரேணுகாம்பாள் வாசலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

அபிநயா உள்ளே வந்தாள். "மைக் ஃபைல ஏத்திட்டீங்களாக்கா?"

"இங்க வா. கிட்ட வா," என்றார் அம்சா.

அவள் குனிந்தாள். அம்சா இடது கையைக் குவித்து அவள் காதின்மேல் வைத்து, குரு பேசிய அதே அவசரத்தில், அதே மூச்சோடு, அவன் சொன்னதைச் சொன்னார்.

"முடியா!" அபிநயா வீறிட்டாள். "ஐ லவ் யூன்னு நெனச்சேனேக்கா! அத்த, உங்க புள்ளய இன்னா செய்யலாம் சொல்லுங்க?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரேணுகாம்பாளும் ஒரு நொடி தாமதித்து, கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்.

அம்சாவின் இடது கை இன்னும் அந்தக் காதின்மேலேயே குவிந்திருந்தது. வலது கை மவுஸை நகர்த்தி, மைக் ஃபைலைத் திரையின் ஓரத்துக் குப்பைத் தொட்டிக்குள் விட்டு, தொட்டியையும் காலி செய்தது.