காப்புக் கையால் மாற்றிய தாம்பூலம்

என் அக்கா கணவர் சந்திரமோகன் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆரணியில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவர். பார்டரில் யானையை எடுத்துவிட்டு மயிலைப் போடு என்பார்கள், போடுவார். மறுநாள் யானையே இருக்கட்டும் என்பார்கள், அதற்கும் தலையாட்டுவார். வீட்டிலும் அப்படித்தான். என்ன குழம்பு என்பதிலிருந்து மகள் சத்யப்ரியா என்ன படிப்பாள் என்பதுவரை என் அக்கா கீதாதான் முடிவு செய்வாள். மாமா வாய் சோற்றுக்குத்தான் திறக்கும் என்று அவர் முன்னாலேயே கிண்டல் செய்வேன். அதற்கும் சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு விளையாட்டில் போய் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் பட்டுக்கடை ராஜவேலு வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கணக்கு வாத்தியார் ஜெயக்குமார் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவார். கதைக்குள் வரும் ஆட்கள் இவர்களேதான். சாமிகளின் வாரிசுகள் இந்தக் காலத்தில் ஆதார் கார்டும் கையுமாக நம் ஊரில் திரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. வாயு பகவானின் பேத்தி களம்பூர் பஸ் ஓட்டுகிறாள். குபேரனின் பேரன் அடகுக்கடை வைத்திருக்கிறான்; அது ராஜவேலு. இன்னது செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்டுவார். விழுந்த எண்ணைப் பார்த்து, நடந்ததா இல்லையா என்று வாத்தியார் சொல்வார். எங்கள் மாமா யார் தெரியுமா? முருகனின் தளபதி வீரபாகுவின் வாரிசு.

கேட்டதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாருமே வீரபாகு முதலான நவவீரர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அதிலும் மாமா குடும்பத்துக்குச் சூரசம்ஹாரத்தில் வீரபாகு வேஷம் கட்டும் உரிமையே உண்டு. சஷ்டி ஆறு நாளும் மணிக்கட்டில் காப்புக் கட்டி விரதம் இருந்து, சூரனிடம் தூது போகிறவர் அவர்தான். இருக்கிற வம்சம் போதாதென்று மேசைமேல் இன்னொன்றா? காப்பு கையில் இருக்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது, பொய் பேசக் கூடாது, கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கக் கூடாது. இந்த வாரம் ஒரு நாளாவது சும்மா இருங்க என்று அக்கா சொல்லித்தான் பார்த்தாளாம். மனிதர் காப்போடு போயிருக்கிறார்.

மறுநாள் காலை களம்பூர் ரைஸ் மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். தேவிகாபுரத்திலிருந்து சித்தி போன் செய்தாள்.

"இன்னாடா கமலக்கண்ணா, சத்யாவுக்குத் தாம்பூலம் மாத்திட்டாங்களாமே. தாய்மாமன் உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மடியில் வைத்துக் காது குத்திய பெண். நான் இல்லாமல் தாம்பூலமா? மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஆரணி பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மாமாவை என்ன கேட்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலூரில் லேபில் வேலை பார்க்கும் சத்யா அலறியடித்துக்கொண்டு வந்திருந்தாள். மாமா மூலையில் தலை குனிந்து நின்றார். அக்காதான் நடந்ததைச் சொன்னாள். கதையில் குபேரன் வம்சத்துக்கும் வீரபாகு வம்சத்துக்கும் வெட்டுக்குத்து. சண்டையை நிறுத்த என்ன செய்வீர்கள் என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். மாமா எழுந்து, விருந்தாளிகளுக்காக வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து, எங்கள் வீட்டுப் பெண்ணை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தோம் என்று ராஜவேலுவிடம் நீட்டியிருக்கிறார். அவரும் வாங்கிக்கொண்டு பதில் தாம்பூலம் கொடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் காபியோடு கதவருகே வந்து நின்றாள் ராஜவேலுவின் மனைவி சாவித்திரி. காப்புக் கட்டிய கையால் கொடுத்த வாக்கு, வேறென்ன வேண்டும்? பெங்களூரில் இருக்கும் மகன் சந்தோஷுக்குப் பெண் முடிவாகிவிட்டது என்று ஊரெல்லாம் போன் போட்டுவிட்டாள்.

அந்த ராஜவேலு வீட்டில் வாய் திறந்து விளையாட்டு என்று சொல்லக் கூடாதா? நல்ல சம்பந்தம் தானாக மடியில் வந்து விழுந்தால் யார்தான் சொல்வார்கள்.

அவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று செருப்பை மாட்டினேன். அவர்களே பூவும் பழமுமாகப் படியேறி வந்துவிட்டார்கள். தாய்மாமன் வாங்கினால்தான் முறை என்று சாவித்திரி புடவை வைத்த தட்டை என் கையிலேயே திணித்தாள். பகடை உருட்டி எவனாவது பெண் கொடுப்பானா என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் அசரவில்லை.

"விளையாட்டுன்னு அண்ணன் வாயால சொல்லட்டும். கையில காப்பு கீது, பொய் சொல்ல மாட்டாரு. சொல்லிட்டா நாங்க போய்க்கினே இருக்கோம்."

நியாயமான பேச்சு. பேஜார் விட்டது என்று எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு வார்த்தைதானே. எல்லாரும் மாமாவைப் பார்த்தோம்.

மாமா மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"விளையாட்டு இல்ல. இவங்க கதவாண்ட நிக்கறதைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். அந்தப் பையனை எனக்குப் புடிச்சிருக்குது. இந்த வீட்ல என் பேச்சை யாரு கேட்டீங்க? அங்கதான் நான் சொன்னா நடக்குது."

அக்கா அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜவேலுவே வெலவெலத்துப் போனார். பாவி மனிதன், அவரும் விளையாட்டு என்றுதான் நினைத்திருக்கிறார். இத்தனை வருஷம் நான் வாயில்லாப் பூச்சி என்று நினைத்த ஆளா இவர்? ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே என்று மனசு அறுத்துக்கொண்டும் இருந்தது.

சத்யா வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். அவள் அழவில்லை.

"காப்பு உங்க கையிலதானப்பா இருக்குது. என் கையில இல்லியே."

மாமாவின் முகம் செத்துப்போனது. சத்யா தட்டைச் சாவித்திரியிடம் நீட்டினாள். சாவித்திரி அதைத் தொடவில்லை. நீங்கள் சொல்லுங்கள் அண்ணே, கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று மாமாவைத்தான் கேட்டாள்.

மாமா காப்பை ஒரு முறை பார்த்தார்.

"என்னைக் கேக்காதீங்க," என்றார். "நான் கேக்காம விட்டுட்டேன். நீங்களாவது அவளைக் கேளுங்க."

சாவித்திரி முதல் தடவையாகச் சத்யாவின் முகத்தைப் பார்த்தாள். உனக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

"வேணாம் அத்தை," என்றாள் சத்யா.

சாவித்திரி தட்டை வாங்கிக்கொண்டாள்.