தண்ணீர் வடிக்காத கார்

மூர்மன்ஸ்க் துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் கேரேஜ்களுக்கு நான் காவல்காரி. பெயர் ஸோயா யெகோரவ்னா. குடிபோதையில் வருகிறவர்களைத் துடைப்பத்தால் வரவேற்பவள் என்று எனக்கொரு பெயர் உண்டு. அதில் பொய் இல்லை. அந்தக் கேரேஜ்காரர்களிலேயே என் உயிரை அதிகம் வாங்கியவன் யெஃபிம்.

சலவை நிலையத்தில் கொதிகலன் அறை வேலை அவனுக்கு. நாற்பதைத் தாண்டித்தான் கல்யாணம் செய்துகொண்டான். கட்டியதும் யாரை? தைஸியாவை. மீன்பிடிக் கப்பலில் சமையல்காரி. இந்த ஊரில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் கரையில் காத்திருப்பார்கள். இவன் வீட்டில் எல்லாம் தலைகீழ். அவளோடு சேர்ந்தே இருக்கலாம் என்று ஒரு தடவை அவனும் கப்பலேறிப் பார்த்தான். துறைமுகம் கண்ணை விட்டு மறையும் முன்பே வாந்தி எடுக்க ஆரம்பித்தவன், திரும்பி வரும்வரை நிறுத்தவில்லையாம். கடல் ஆசை அதோடு சரி.

கார் வாங்கத் தொழிற்சங்க வரிசையில் இருவரும் பெயர் கொடுத்துப் பல வருஷம் காத்திருந்தார்கள். போதாத காலம், தைஸியா மே மாதம் கப்பலேறினாள், கார் ஜூனில் வந்து நின்றது. “மாஸ்க்விச், நீல நிறம்” என்று கப்பலுக்குத் தந்தி அடித்தான். “முன் சீட்டில் யாரையும் ஏற்றாதே” என்று பதில் வந்தது. அவள் விளையாட்டாகச் சொன்னதை இவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கால் சுளுக்கிய என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோதுகூடப் பின் சீட்டில்தான் திணித்தான். முன்னால் வெறும் காற்று சொகுசாக உட்கார்ந்து வந்தது. எனக்கு வந்த கோபத்தில் காலே குணமாகிவிட்டது.

உறையாத திரவம் கடைகளில் கண்ணில் படாத காலம் அது. எங்கள் வரிசையில் எல்லாக் கார்களிலும் என்ஜினைக் குளிர்விக்க ஓடியது வெறும் தண்ணீர்தான். குளிர்காலத்தில் அதை உள்ளே விட்டுவைத்தால் உறைந்து, விரிந்து, இரும்பையே பிளந்துவிடும். அதனால் அக்டோபரில் எல்லோரும் ரேடியேட்டரின் அடிக்குழாயையும் என்ஜின் பக்கவாட்டுக் குழாயையும் திறந்து, கம்பியால் குத்திக் கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுவார்கள். பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். ‘தண்ணீர் வடித்தாயிற்று’ என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் மாட்டுவார்கள். அதன்பிறகு ஏப்ரல்வரை அவர்கள் கேரேஜுக்கு வருவது மனைவியின் கண்ணுக்குத் தப்பிக் குடிக்க மட்டும்தான்.

யெஃபிம் வடிக்கவில்லை. பக்கத்துக் கேரேஜ் ரொதியோன் வந்து வம்புக்கு இழுத்தான்.

“என்னப்பா, இன்னுமா வடிக்கல?”

“தைஸியா நவம்பர்ல வர்றா. துறைமுகத்துலேர்ந்து அவளை இதுல ஏத்திட்டு வரணும். அப்புறம் வடிச்சுக்கறேன்.”

“பஸ்ஸுல வந்தா தேஞ்சா போயிடுவா?”

“இந்தக் காரை நெனச்சுக்கிட்டே ஆறு மாசமா அங்க மீன் சூப் காய்ச்சிட்டிருக்கா. அவளைப் போய் பஸ்ஸுலயா கூட்டிட்டு வர்றது?”

“அப்ப ரேடியேட்டர்ல வோட்காவ ஊத்து. உறையவே உறையாது.”

“ஊத்துவேன். நீ குழாய் போட்டு உறிஞ்சிட்டுப் போயிடுவியே.”

நவம்பர் பிறந்தது. பனி இறுகியது. யெஃபிம் தினமும் காலையில் கொதிகலன் அறையிலிருந்து வெந்நீரை வாளிகளில் பிடித்து, சறுக்கு வண்டியில் இழுத்துக்கொண்டு மலையேறுவான். தண்ணீரை ஊற்றி என்ஜினைக் கிளப்பிவிட்டு, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். சாயங்காலம் மறுபடி வந்து எல்லாவற்றையும் வடிப்பான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல்.

“ஏம்ப்பா, அவ வர்ற அன்னிக்கு ஊத்திக்கிட்டா ஆகாதா? எதுக்கு இந்தக் கூத்து?”

“நாளைக்கே வந்துட்டா, அக்கா? அன்னிக்குப் பார்த்து இது கிளம்பலேன்னா?”

அவன் சூடேற்றிக்கொண்டிருந்தது என்ஜினை அல்ல என்று எனக்குப் புரிந்தது.

அவன் வீட்டில் ஃபோன் கிடையாது. என் காவல் அறையில் இருந்தது. தினமும் பூட்ஸில் ஒட்டிய பனியோடு உள்ளே வந்து, நான் கழுவிய தரையைச் சேறாக்கிவிட்டுத் துறைமுகத்தைக் கூப்பிடுவான். அங்கே இருந்த பெண்ணுக்கு அவன் குரல் அத்துப்படி. ஒரு நாள் ஃபோனை வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

“மீன் நல்லாப் படுதாம். இன்னும் ஒரு மாசம் அங்கயே இருக்கச் சொல்லிட்டாங்களாம்.”

“மீன் படறது நல்லதுதானேப்பா.”

“நாசமாப் போற மீன்! அதுக்கென்ன, வீட்ல ஆளா காத்துட்டிருக்கு?”

டீ போட்டுக் கொடுத்தேன். கெட்டிப்பாலைத் தாராளமாகவே ஊற்றினேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: “ஆறு மாசத்துல ஒருத்தர் குரல் மறந்து போகுமா, அக்கா? நேத்து நெனச்சுப் பார்த்தேன். அவ சிரிக்கிறது ஞாபகம் வருது. பேசறது வரல.” அவனுக்காக அந்தக் கப்பலை என் கையாலேயே இழுத்துவர வேண்டும் போல இருந்தது.

டிசம்பர் வந்து, சூரியனே எட்டிப் பார்க்காத நாட்களும் வந்தன. ஒரு நாள் மத்தியானம் ஃபோனில் பேசியவன் என்னைக் கட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றினான். மறுநாள் காலையில் கப்பல் வருகிறது! ஓடிப்போய்க் காரைக் கழுவித் துடைத்தான். மழுங்கச் சவரம் செய்துகொண்டு வந்து மறுபடியும் துடைத்தான். பிறகு இத்தனை நாளில் செய்யாத ஒன்றைச் செய்தான். எப்போதும் மூக்கு உள்பக்கம் இருக்க நிற்கும் காரை வெளியே எடுத்துத் திருப்பி, துறைமுகத்தைப் பார்த்தபடி நிறுத்தினான். காலையில் கதவைத் திறந்ததும் ஒரே ஓட்டமாகப் போய்விடலாம் என்று கணக்கு. வழக்கம்போலத் தண்ணீரை வடித்தான். ஒழுகல் நின்றதும் குழாயை மூடிவிட்டு, சீட்டி அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அந்தக் கேரேஜின் தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கும். பனி உருகும் தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று அவனே அப்படிப் பூசியிருந்தான். என்ஜின் குழாய் இருப்பது பின்பக்கமாக. மூக்கு மேலே இருந்தவரை தண்ணீர் முழுவதும் குழாய்க்கு வந்து சேர்ந்தது. அன்று மூக்கு கீழே. குழாய்க்கு எட்டாத தண்ணீர் முன்பக்கமே தங்கிவிட்டது. ராத்திரி பார்த்து, அந்த வருஷத்திலேயே கொடிய குளிர் இறங்கியது.

காலையில் வெந்நீரை ஊற்றினான். ஊற்ற ஊற்ற அடியில் ஒழுகியது. ரொதியோன் விளக்கைக் கொண்டுவந்து குனிந்து பார்த்தான். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், முன்னாலிருந்து பாதிவரைக்கும் விரிசல். உள்ளே பனிக்கட்டி பல்லைக் காட்டியது.

“திருப்பி நிறுத்தினியா?” என்றான் ரொதியோன். யெஃபிம் தலையசைத்தான். ரொதியோனுக்கு அன்று கேலி வரவில்லை. “என் என்ஜினைக் கழட்டிப் போட்டிருக்கேன்டா. இல்லேன்னா என் காரையே குடுத்திருப்பேன்” என்றான். யெஃபிம் கையைத் துடைத்துக்கொண்டு, சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

மத்தியான இருட்டில் இருவரும் வந்தார்கள். சறுக்கு வண்டியில் அவள் மூட்டைகளும் ஒரு பெரிய காட் மீனும். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கேரேஜுக்கு வந்திருந்தார்கள். நான் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காதைக் கழற்றியா வைக்க முடியும்?

தைஸியா காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கையுறையைக் கழற்றி நீல வண்ணத்தைத் தடவினாள். பிறகு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இவனும் மறுபக்கம் ஏறினான். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

“ஓட்டு” என்றாள் சிரித்துக்கொண்டே.

“ஓடாது, தைஸியா. என் கையாலயே உடைச்சிட்டேன்.” நடந்ததை எல்லாம் சொன்னான்.

“ஒரு ராத்திரிகூடப் பொறுக்க முடியலையா உனக்கு?”

“முடியல.”

அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்புறம்தான் சொன்னாள்: “யெஃபிம், ஏப்ரல்ல மறுபடியும் போறேன். கையெழுத்துப் போட்டுட்டேன். கோவிச்சுக்காதே. கரையில எனக்குத் தூக்கம் வர்றதில்ல. உனக்கே தெரியும்.”

நான் மண்வெட்டியை நிறுத்திவிட்டேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுகூட நினைத்தேன். கண்ணாடியில் அவர்கள் மூச்சுப் படிந்து வெளுத்துக்கொண்டே வந்தது.

“திரும்பி எப்ப வருவே?” என்று கேட்டான்.

“செப்டம்பர்ல.”

“செப்டம்பர்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். “பரவாயில்ல. செப்டம்பர்ல தண்ணி உறையாது.”