ஆறு பாட்டும் ஒரே கசட்டும்

பாட்டுக்காரனுக்குக் குரல் போன பின்னரும் காது போவதில்லை. இத்தொழிலுக்கு விதிக்கப்பட்ட தண்டனை அதுவே. மேடையேறி இறங்கிய சகோதரர்களே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிக்காஹ் முடியுமட்டும்

கல்முனைக் கரையில் தமிழில் பொப் பாட்டுப் பாடத் துணிந்த முதற் கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்கு முன்னர் எங்கள் கல்யாண வீடுகளில் ரபான் பறை தட்டிப் பைத்து எனும் பக்திப் பாடல் பாடுவதே வழக்கம். நானோ கிற்றாரும் பொங்கோவும் சூழ நின்று, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு மாப்பிள்ளையின் அவதியைப் பாடத் தொடங்கினேன்.

முதல் அடி முடியுமுன்னரே பெண்ணின் பெரிய மாமா எழுந்து வந்து ஒலிவாங்கியைக் கையால் மூடினார். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் காதோடு சொன்னார்: "மனே, நிக்காஹ் முடியுமட்டும் பொறுத்துக்க. மௌலவி போன பொறகு இதையே மூணு தரம் படி."

இன்னும் ஓடுது

பின்னர் கல்முனையில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்த ஒருவர் என் ஆறு பாடல்களைக் கசட்டில் பதிந்து தந்தார். இரைச்சல் விழாதிருக்க மின்விசிறியை நிறுத்தி, சன்னலையும் சாத்தினார். ஆறாவது பாட்டு முடிந்தபோது என் சட்டை பிழிந்தெடுக்கும் பதத்தில் இருந்தது. ஆவலை அடக்க மாட்டாமல் "நல்லா வந்திச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

எவரையும் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் அவர் பதறிக் கையை ஆட்டினார். "வாயப் பொத்துங்க காக்கா, இன்னும் ஓடுது!"

கூடு இல்லாத இழப்பு

சில பிரதிகள் எடுத்தோம். கசட்டின் முதுகில் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய இயலாது. ஒவ்வொரு பிரதியின் பல்லையும் நானே உடைத்தேன். என் குரலுக்கு இனி அழிவில்லை என்று எண்ணினேன். சுனாமியாய்க் கடல் வந்த அன்று என் வீடும் அந்தக் கடையும் ஒருங்கே போயின.

முகாமில் ஓர் உத்தியோகத்தர் இழந்த பொருட்களைப் படிவத்தில் நிரப்பினார். கட்டில், அலுமாரி, தையல் மெசின் எல்லாம் எழுதினார். நான் என் குரலையும் எழுதச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கேலி செய்யவில்லை, மெய்யாகவே தேடினார். "அதுக்கு இதில கூடு இல்லையே ஐயா."

பாடாத வீடு

மேடையில் பாடிய நான் வீட்டில் பாடியதில்லை. "புள்ளைகள் குர்ஆன் ஓதுற வீடு" என்று என் மனைவி றாபியா ஆரம்பத்திலேயே தடுத்துவிட்டாள். அண்மையில் தொண்டையில் கட்டி வளர்ந்து, சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் மிஞ்சியது, பேச்சு காற்றாய்ப் போயிற்று. இப்போது நான் தண்ணீர் கேட்பதற்கே கோப்பையைத் தட்ட வேண்டும்.

ஒருநாள் காலையில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "கல்யாணத்துக்கு முந்தி உங்கட பாட்டுக் கேட்டிருக்கன். இப்ப என்ட காதுக்குள்ள அது அழிஞ்சி போகுது. எங்கயாச்சும் ஒரு கசட் இருக்காதா?"

கபுறுக்கு நல்லது

தேடினேன். வரிப்பத்தான்சேனையில் வயற்காரர் ஒருவர், என் பழைய ரசிகர், ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சேதி வந்தது. முச்சக்கரவண்டியில் ஓடினேன். அவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்த பிஸ்கட் டின்னிலிருந்து கசட்டை எடுத்தார். அதில் என் கையெழுத்து அழியாமல் இருந்தது. ஆனால் நான் பல்லுடைத்த இரண்டு குழிகளின் மேலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

பழைய கசட் ரேடியோவில் போட்டார். பயான் எனும் மார்க்கப் பிரசங்கம் ஓடிற்று. மறுபக்கமும் பயான்தான். குழிகளை மூடி, என் பாட்டின் மேலேயே அதைப் பதிந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. "ஒங்களில உள்ள இரக்கத்திலதான் செஞ்சன் காக்கா. நாளைக்கு நீங்க மவுத்தாகி மண்ணுக்குள்ள போன பொறகும் இந்தப் பாட்டு ஓடினா, அந்தப் பாவம், அந்தக் குனா ஒங்கட கபுறுக் குழிக்கெல்லா வந்து சேரும்."

மிஞ்சியது

கோபிக்க எனக்கு வாயும் இல்லை, மனமும் வரவில்லை. கசட்டையும் ரேடியோவையும் இரவலாக வாங்கிவந்து றாபியாவின் முன் வைத்தேன். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, பயானை முழுவதும் மரியாதையோடு கேட்டாள். பயான் முடிந்தது. நாடா முடிய இன்னும் சிறிது இருந்தது. வெறும் இரைச்சல். பின்னர் ஓர் இளைஞனின் குரல் "நல்லா வந்திச்சா?" என்றது. மற்றொரு குரல் வாயைப் பொத்தச் சொன்னது. நாடா நின்றது.

நான் என் மார்பைத் தொட்டுக் காட்டுவதற்கு முன்னரே றாபியா கேட்டுவிட்டாள்: "ஆரு அந்த இளந்தாரி? கடைக்காரன்ட தம்பியா?"

ஆறு பாட்டுப் பாடிய நான் இவ்வுலகுக்கு விட்டுச் செல்வது ஒரேயொரு கேள்வியைத்தான். அதற்குக் கிடைத்த பதிலும் வாயைப் பொத்து என்பதே.