கல்லூரியிலிருந்து வந்த காகிதம்

பாப்பு, என் மகளே, இன்றைக்கு டாலிகஞ்ச் ஆட்டோவில் உன்னோடு நர்சிங் படித்த மிதாலி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சிஸ்டராம்.

"மாஷிமா, அவ இருந்திருந்தா எங்களுக்கெல்லாம் மேல போயிருப்பா" என்றாள், பழையபடி என்னைச் சித்தி முறை வைத்து.

"எங்க போயிருப்பா? மூணாம் வருஷத்துல ஃபெயிலானவதானே" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாரு சொன்னா? அவளைப் பரீட்சையே எழுத விடல. வார்டு டியூட்டி நாள் குறைஞ்சா விட மாட்டாங்க. உங்களுக்கு ஆபரேஷன் ஆனப்ப இருபது நாள் உங்க கூடவே கிடந்தாளே, மாஷிமா."

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கல்லூரிக் காகிதத்தில் சிவப்பு மையைப் பார்த்ததும் ஃபெயில் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். துர்கா பூஜைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் உன்னை மக்கு என்றேன். நீ அவர்களுக்குப் பாயசம் பரிமாறினாய். அந்த மார்கழியிலேயே காய்ச்சல் கண்டு போய்விட்டாய்.

இறங்கும்வரை மிதாலியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களே, பிள்ளைகளுக்கு வரும் காகிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் கீழே கமெண்டில் திட்டலாம், இடம் நிறைய இருக்கிறது.

பாப்பு, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று உனக்குத் தெரியுமே. ஏன்டி எனக்குப் படித்துக் காட்டவில்லை?