பேர்னாட் அண்ணனின் சீடி சேஞ்சர்

பேர்னாட் அண்ணனோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். அதில் இருபத்தொன்பது வருடம் நல்ல பழக்கம். கடைசி வருடத்தில்தான், காருக்கு சீடி சேஞ்சர் பூட்டித் தா என்று என் உயிரை வாங்கத் தொடங்கினார்.

நான் கல்லடியில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். அவர் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, வாகனம் ஓடுகிறவர். இருபது வயதில் கரடியனாற்றிலிருந்து நெல் மூட்டை ஏற்றும் லொறியில் தொடங்கி, வான் ஓடி, இப்போது ஒரு வெள்ளை ஜப்பான் கார். வெள்ளம் பாய்ந்த ஒரு மார்கழியில் ரோட்டே தெரியாத தண்ணீரில் பழுகாமத்திலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். பிறந்த பிள்ளைக்கு இப்போது கலியாணமும் முடிந்துவிட்டது. அவர் சொல்லும் கதைதான் இன்னும் முடியவில்லை.

ஏற்றியவரை இடையில் விட்டுவிட்டு வந்தார் என்று அவரைப் பற்றி ஒருவரும் சொல்ல முடியாது. டயர் வெடித்தாலும், காய்ச்சல் வந்தாலும், சொன்ன நேரத்துக்குக் கார் வாசலில் நிற்கும். அந்த நம்பிக்கையில்தான் என் மகள் சர்மிலாவும் இன்னும் இரண்டு டீச்சர்மாரும் அவருடைய காரில் வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறார்கள். குருமண்வெளியில் பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். வாகனங்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர்.

சேஞ்சர் கதைக்கு வருகிறேன். ஜப்பான் காரின் ரேடியோவில் நம்முடைய நிலையங்கள் பாதி பிடிக்காது. இருப்பது ஒரு சீடி போடும் வாய் மட்டும். அவருக்கு ஆறு சீடி ஒரே நேரத்தில் போடும் பெட்டி வேண்டுமாம். அதுவும் காரோடு வந்த ரேடியோ செற்றைக் கழற்றாமல்.

"அண்ணன், இந்தக் காலத்தில ஆர் சீடி கேக்கிற? பெரிய ஸ்க்ரீன் ஒண்டு போட்டு விடுறன். போனில இருந்தே பாடும்."

"வேணா மனே. இந்த செற்தான் இருக்கணும்."

"ஏன்?"

"இதிலதான் பொத்தான் இருக்கு."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர் அவர். ஏறாவூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ரிஸ்கான், உடைத்த கார் ஒன்றிலிருந்து ஒரு சேஞ்சரைத் தேடித் தந்தான். அதன் பிளக் இந்த செற்றுக்குப் பொருந்தவில்லை. இடையில் போடும் வயரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். முதல் தரம் வேறு வயர் வந்தது. இரண்டாம் தரமும் அதே பிழை வயர் வந்தது. பற்றரியைக் கழற்றி மாட்டியதும் செற் தானாகப் பூட்டிக்கொண்டு ஜப்பான் மொழியில் என்னவோ இலக்கம் கேட்டது. அதைத் திறக்க நான்கு நாள். டாஷ்போர்டைக் கழற்றும்போது இரண்டு கிளிப் உடைந்தது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்துகொண்டு, "மெதுவா மனே, மெதுவா" என்றார். ஸ்குரூட்ரைவரை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

போன சனிக்கிழமை ஒருவாறு முடித்தேன். சேஞ்சரை டிக்கியில் பூட்டி, வயரைக் கார்ப்பெட்டுக்குக் கீழால் முன்னுக்கு இழுத்து, செற்றோடு இணைத்தேன். பாட்டு வந்தது. செற்றின் முகப்பில் இலக்கம் காட்டும் சின்ன விளக்குக்கு மட்டும் இன்னும் வயரைத் திரும்பக் கொடுக்கவில்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் சாரதி ஆசனத்தில் ஏறி, பெருவிரலால் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவி ஒன்றை அமத்தினார்.

"நல்லா வந்திருக்கு மனே. டிஸ்க் ஒண்டு எண்டு காட்டுது."

நான் எட்டிப் பார்த்தேன். முகப்பு கறுப்பாகக் கிடந்தது.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்க அண்ணன்."

"பாத்திட்டுத்தானே சொல்றன். ஒண்டு."

அவர் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டி, இது எத்தனை என்று கேட்டேன். உன்ர விரல எண்ணவா வந்த நான் என்று சினந்தார். கையை இறக்காமல் நின்றேன்.

"சீனி வருத்தம் மனே. அது கண்ணுக்கு ஏறிட்டு. நடுவில மட்டும் மங்கல். ஓரத்தால எல்லாம் தெரியும்."

"கிளினிக்குக்குப் போன நீங்களா?"

"போனா ஓட வேணா எண்டுவாங்க. இந்த ரோட்டு எனக்கு மனப்பாடம்."

"பாதையில ஏறுறதும் மனப்பாடமா?"

பாதையில் ஏற்றும்போது ஒரு முழம் விலகினால் கார் வாவிக்குள். உள்ளே என் பிள்ளை. சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சர்மிலாவுக்குப் போன் எடுத்தேன். பத்து நிமிடத்தில் ஸ்கூட்டியில் வந்து நின்றாள்.

"இந்த மனிசனுக்குக் கண் தெரியா. இனி இவரோட நீ போகப்படாது" என்றேன். அவருக்கு முன்னால் சொல்கிறேனே என்ற இரக்கம்கூட எனக்கு அப்போது வரவில்லை.

அவள் நிலத்தைப் பார்த்தாள். "தெரியும் அப்பா."

"என்ன தெரியும்?"

"பங்குனி மாசத்தில இருந்து தெரியும். டினுஷா டீச்சர் முன் சீட்டில இருந்து சொல்லிக்கொண்டு வருவா. மாடு நிக்குது அங்கிள், சைக்கிள் வருது அங்கிள் எண்டு. பாதையில ஏறக்குள்ள கேதீஸ்வரி டீச்சர் இறங்கி நிண்டு கை காட்டுவா."

டினுஷா வாய் ஓயாத பிள்ளை என்றுதான் பேர்னாட் அண்ணன் அத்தனை மாதமும் நினைத்திருந்தாராம்.

ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கப் போகும் மூன்று பேர். அதில் என் மகள் லைசன்ஸ் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம். "ஒரு சொல்லு சொல்ல ஏலாமப் போச்சா?" என்று கத்தினேன்.

"எப்பிடி அப்பா சொல்லுற? ஒருநாளும் எங்கள ரோட்டில விட்டவர் இல்லயே."

பேர்னாட் அண்ணன் காரை விட்டு இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சுமா ஏறின நீங்க?"

அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"நான் கிழவன், வேற தொழில் தெரியா, பொய் சொல்லி ஓடினன். உங்களுக்கு அறிவு எங்க போச்சு? கேதீஸ்வரி டீச்சருக்குக் கைக்குழந்தை இருக்கு. உங்களுக்கு ஒண்டும் தெரியா எண்டு நினைச்சுக்கொண்டு நான் ஓடுறன், எல்லாம் தெரிஞ்சுகொண்டு நீங்க ஏறுறீங்க." யாரையும் அவர் இப்படி ஏசி நான் கேட்டதில்லை.

பிறகு சாவிக்காக என்னிடம் கை நீட்டினார்.

"தர மாட்டன் அண்ணன்."

"எனக்கில்ல. அவளுக்குக் குடு. திங்கக்கிழம மற்ற ரெண்டு டீச்சரையும் அவளே ஏத்திக்கொண்டு போகட்டும். இப்ப என்னை வீட்டில விடச் சொல்லு."

சாவியை அவளிடம் கொடுத்தேன். அவர் காரைத் தடவிக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். பழக்கத்தில் அவருடைய கை வலது தோளுக்குப் போய் பெல்ட்டைத் தேடியது. அந்தப் பக்கத்து ஆசனத்தில் பெல்ட் இடது தோளில் இருக்கிறது. இரண்டு தரம், மூன்று தரம் அங்கேயே தேடினார். நான் குனிந்து அதை இழுத்து மாட்டிவிட்டேன்.